அன்னப்படகுக்கு சீட் தைத்த பொங்கல்

போன மழையில் எங்கள் தெருவுக்குப் படகு வந்தது. நம் வயதுக்காரர்கள் பலருக்கும் அந்த அனுபவம் ஆகியிருக்கும். அதனால் தண்ணீர் எவ்வளவு உயரம், கரண்ட் எப்போது போனது என்றெல்லாம் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் தரைத்தள வீடு வாங்கினால் இதெல்லாம் உண்டு. இரண்டு பையன்கள் என்னைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தார்கள். மருமகள் மாத்திரைப் பையைத் தேடுகிறாள். மகன் ஃபோனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எனக்கோ கண் முழுக்க நான் உட்கார்ந்த சீட்டின் மேல். ரெக்சின் வெடித்திருந்தது. உள்ளே ஸ்பாஞ்சு ஊறிப்போய், உட்கார்ந்ததும் புடவையை நனைத்தது. அடியில் ஆணிகள் துருப்பிடித்துத் துணியோடு சேர்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன.

"யாருப்பா இத தச்சது?" என்று கேட்டேன்.

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மகனிடம், "அம்மா பயத்துல பேசறாங்க சார், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றான்.

பயமாவது ஒன்றாவது. எனக்கு வந்தது எரிச்சல். படகு சீட்டு என்றாலே எனக்கு எரிச்சல் வரும். ஒன்பது வயதில் ஆரம்பித்தது, அறுபது தாண்டியும் ஆறவில்லை.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் மாங்கொல்லைக்குப் பின்னால் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். ஒரே கூடம், ஒரு சமையல் மூலை. அதற்குள் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. அத்தை புருஷன் இறந்த பிறகு எங்களோடு வந்து இருந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை, வீட்டை நிர்வாகம் செய்ய ஆரம்பித்தாள். எது எங்கே இருக்க வேண்டும், எது இருக்கவே கூடாது என்பதெல்லாம் அத்தையின் இலாகா.

அப்பாவுக்கு ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலை. விசிலடித்துக்கொண்டு படம் பார்க்க வருகிறவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள், பிளேடால் சீட்டைக் கிழித்துவிட்டுப் போவார்கள். அந்த உறைகளை அப்பா கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா தைத்துக் கொடுப்பாள். அம்மாவின் மிஷின் தாய்வீட்டில் சீதனமாகக் கொடுத்தது. ரவிக்கையும் பாவாடையும் தைக்கிற மிஷின். ரெக்சினைக் கொடுத்தால் அது முக்கும், முனகும், ஊசியை ஒடித்துத் துப்பும். அம்மா சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டி ஒவ்வொரு தையலாகப் போடுவாள். வலது உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும்.

தியேட்டர் முதலாளியைப் பார்க்க ஒருநாள் ஒரு பாய் வந்தார். கே.கே. நகரில் ஷூட்டிங்குக்குச் சாமான் வாடகைக்கு விடுபவர். சிம்மாசனம், பல்லக்கு, மரத்தில் செய்த பீரங்கி, எல்லாம் அவர் கொட்டகையில் இருக்கும். படகும் உண்டு. காதலர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போகும் அன்னப்படகு, ராஜகுமாரி தோழிகளோடு போகும் பூப்படகு என்று ஏழெட்டு. கே.கே. நகர் அப்போது பாதி மணல், பாதி வீடு. சுற்றுவட்டாரத்தில் குளம்கூடக் கிடையாது. ஷூட்டிங் இருந்தால் லாரியில் ஏறி ஏரிக்குப் போகும். மற்ற நாளெல்லாம் செங்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த வருஷம் ஐப்பசி மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து, படகுகள் தாமாகவே மிதந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டனவாம். காவல்காரர் எல்லாவற்றையும் ஒரு முருங்கை மரத்தில் கட்டிவைத்தாராம். மரம் முறிந்ததுதான் மிச்சம். சீட்டெல்லாம் ஊறி அழுகிவிட்டது.

பாய் தியேட்டரில் தான் உட்கார்ந்த சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, யார் தைத்தது என்று கேட்டிருக்கிறார்.

"நாங்கதான் பாய் தக்கிறோம். வூட்லயே மிஷின் கீது" என்றார் அப்பா.

இந்த 'நாங்க'வை நீங்கள் கவனிக்க வேண்டும். அப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. பட்டன் அறுந்தால் சட்டையைக் கழற்றி அம்மா மடியில் போடுவார். ஆனால் வெளியில் யாரிடமும் 'என் சம்சாரம் தைக்கிறாள்' என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை.

பாய் மறுநாள் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடி அம்மாவின் மிஷினைப் பார்த்தார், அம்மாவின் கையையும் பார்த்தார். "தங்கச்சி, எங்கிட்ட ஒரு பெரிய மிஷின் சும்மா கெடக்குது. பை தைக்கிற கம்பெனி மூடறப்ப வாங்கனது. தோலு, ரெக்சினு எதக் குடுத்தாலும் கடிச்சிக்கினு போவும். பொங்கல் முடிஞ்சதும் ஏரில ஒரு பாட்டு ஷூட்டிங் கீது. அதுக்குள்ள இந்த சீட்டுங்கள நல்லபடியா முடிச்சிக் குட்த்தா, அந்த மிஷின நீயே எடுத்துக்கோ" என்றார்.

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அன்று ராத்திரி சோறு போடும்போது சாம்பாரை இரண்டு தடவை எனக்கே ஊற்றினாள். அவள் மனசு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அந்த மிஷின் வேண்டும். அதுவரை அவள் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

"படக நா ஒரு வாட்டி நேர்ல பாக்கணும்" என்றாள் அம்மா.

"அங்க எதுக்கு? சினிமாக்காரங்க வந்து போற எடம். குடும்பப் பொம்பள போற எடமா அது?" என்றார் அப்பா. காலையிலிருந்து இரவுவரை சினிமாக் கொட்டகை வாசலில் நிற்கிற மனுஷர் பேசுகிற பேச்சு இது. சீட்டுகளைத் தானே கழற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார், வந்தார். மாட்டுவண்டியில் ஒரு மலை வந்து இறங்கியது.

அந்த நாற்றத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன். ஊறின தேங்காய் நார், பூஞ்சை பிடித்த பலகை, எலிப் புழுக்கை, பழைய பவுடர். அம்மா ஒவ்வொரு சீட்டாகப் பிளேடால் தையலைப் பிரித்தாள். நாருக்குள்ளிருந்து என்னென்னவோ வந்தன: சம்கி, கொண்டை ஊசி, ஒற்றைக் கொலுசு, பாதி மீசை. மீசையை நான் வைத்துக்கொண்டேன். பிறகு எங்கே போனதோ.

அப்பாவுக்கோ வேறு கவலை. எந்த சீட்டில் எந்த நடிகை உட்கார்ந்தாள் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே சீட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு மாமி உட்கார்ந்தே பார்த்தாள். அம்மா கையில் பிளேடோடு, இவர்கள் எப்போது போவார்கள் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இங்கே ஒரு விஷயம் சொன்னால்தான் மற்றது புரியும். புது உறை தைக்க வேண்டுமென்றால் பழைய உறைதான் அளவு. அதைப் பிரித்து, துவைத்து, கோரைப்பாய்க்கு அடியில் வைத்துப் படிய வைத்து, புது ரெக்சின் மேல் விரித்து, சுண்ணாம்புக்கட்டியால் ஓரத்தை வரைந்து வெட்ட வேண்டும். படகு தச்சர் கையால் செய்தது. இடது சீட்டு மாதிரி வலது சீட்டு இருக்காது. முன்பக்கம் குறுகும், பின்பக்கம் வளையும். பலகையும் பிஸ்கட் மாதிரி உதிர ஆரம்பித்திருந்ததால், புதுப் பலகை அறுக்கவும் அந்தப் பழைய பலகையும் பழைய உறையும்தான் கணக்கு. அம்மா ஒவ்வொன்றின் பின்னாலும் எந்தப் படகு, எந்தப் பக்கம் என்று அடையாளம் போட்டு, இரண்டையும் சேர்த்துப் பழைய புடவையில் மூட்டையாகக் கட்டிப் பரணில் வைத்தாள்.

"இதான் அளவு. யாரும் தொடாதீங்க" என்று அப்பாவிடம் சொன்னாள், அத்தையிடம் சொன்னாள், என்னிடமும் சொன்னாள். தினமும் சொன்னாள் என்றுதான் எனக்கு ஞாபகம்.

"வூடா இது? பொணம் வெச்ச மாதிரி நாறுது" என்பாள் அத்தை ஒவ்வொரு முறையும்.

மார்கழி முழுக்க அம்மா அந்தச் சின்ன மிஷினோடு மல்லுக்கட்டினாள். இரண்டு உறை முடிந்தது. இரண்டே இரண்டு. ஊசி ஒடியும், புது ஊசி மாட்டுவாள், அது ஒடியும். நடுவில் சமையல், அடிபம்பில் தண்ணீர், அத்தைக்குக் கஷாயம், அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கூடை. மீதி சீட்டெல்லாம் பரணில் காத்திருந்தன.

போகி வந்தது. எங்கள் தெருவில் எந்த வீட்டு நெருப்பு பெரியது என்று அந்தக் காலத்தில் ஒரு போட்டியே நடக்கும். எரிக்க என்ன இருக்கிறது எங்களிடம்? ஒரு பிய்ந்த கோரைப்பாய், இரண்டு முறம், ஒரு துடைப்பம். எல்லா வருஷமும் எங்கள் வாசலில் ஏதோ புகைந்து அடங்கும். எதிர்வீட்டுக்காரர் தச்சுப்பட்டறை வைத்திருந்தார், அவர் வீட்டு நெருப்பு மாடி உயரத்துக்குப் போகும். அப்பாவுக்கு அதில் ஒரு பொருமல் உண்டு.

அன்றைக்கு இருட்டோடு அம்மா தண்ணீர் பிடிக்க அடிபம்புக்குப் போய்விட்டாள். நான் போகி மேளத்தைத் தட்டிக்கொண்டு தெருவில் மற்றப் பிள்ளைகளோடு சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் வாசலில் நெருப்பு எதிர்வீட்டு நெருப்பைவிட உயரமாக எரிகிறது. ரெக்சின் எரிந்து கறுப்புப் புகை சுருண்டு சுருண்டு போகிறது. பலகைகள் படபடவென்று வெடிக்கின்றன. அப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்துச் சிரிக்கிறார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பீடை போச்சி, பீடை போச்சி" என்கிறாள். மூட்டை கட்டியிருந்த புடவைகூட விடவில்லை, அதுவும் எரிந்துகொண்டிருந்தது.

அம்மா இடுப்பில் குடத்தோடு தெருமுனையில் வந்தாள். வந்த வேகத்தில் நின்றாள். பிறகு நடந்து வந்து, அவ்வளவு நேரம் வரிசையில் நின்று பிடித்த ஒரு குடம் தண்ணீரையும் நெருப்பின் மேல் கொட்டினாள். புஸ் என்று சாம்பலும் நீராவியும் எழுந்தன. என் மேளத்தை நான் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"அடியே! போகி நெருப்ப அணைக்கிறியே, குடும்பம் வெளங்குமா?" என்று அத்தை கத்தினாள்.

"பழசுதானே?" என்றார் அப்பா. அவர் உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார். "நீதான் அதப் பாத்து தச்சிட்டியே?"

"ரெண்டுதான் தச்சேன். மீதிக்கு அதான் அளவுன்னு சொன்னேனே."

"எனுக்கு இன்னா தெரியும்? எதா இருந்தாலும் தெளிவா சொல்லணும்."

தெளிவாகச் சொல்லணுமாம். அதைவிடக் கொடுமை, அன்று வாசலில் கூடின அக்கம்பக்கத்தார் ஒருவர்கூட அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'முக்கியமான சாமான்னா நீ பத்திரமா வெக்க வேணாமா', 'கூடத்துல டேப் இருக்கே, அளந்து எழுதி வெச்சிருக்கலாமே' என்று ஆளுக்கொரு யோசனை அம்மாவுக்குத்தான் சொன்னார்கள். வளைந்து வளைந்து போகும் படகின் வயிற்றை டேப்பால் அளந்து எழுதச் சொன்ன அந்த மகானுபாவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

அம்மா கரிந்த துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். விரலில் நொறுங்கியது. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்று மத்தியானமே அப்பா கே.கே. நகருக்குப் போய்விட்டு வந்தார். "பாய் கிட்ட பேசிட்டேன், நீ ஒண்ணும் பேஜாராவாத" என்றார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை.

பொங்கலன்று அம்மா பால் பொங்க வைத்தாள். நாங்கள் 'பொங்கலோ பொங்கல்' சொன்னோம். அவள் வாய் திறக்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டு, பழைய செய்தித்தாள் கட்டு, கத்தரிக்கோல், சுண்ணாம்புக்கட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள்.

"எங்க?" என்றார் அப்பா.

"கே.கே. நகர்."

"நா இன்னா சொன்னேன்? அங்கல்லாம்..."

"அளவு அங்கதான் கீது. இங்க இருந்தத நீங்க எரிச்சிட்டீங்க."

அப்பா கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்தார். கடைசியில், "அப்ப பொண்ண இட்டுக்கினு போ. தனியாப் போவாத" என்றார். ஒரு ஒன்பது வயதுப் பெண்ணால் சினிமாக்காரர்களிடமிருந்து அம்மாவை எப்படிக் காப்பாற்ற முடியும் என்று அவர் நினைத்தாரோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அதனால்தான் நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

பாண்டி பஜாரில் பஸ் மாறிப் போனோம். பாய் கேட்டருகில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பாய், சீட்டு அளவெல்லாம் போகில எரிஞ்சிட்சி" என்றாள் அம்மா எடுத்த எடுப்பிலேயே.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "எரிஞ்சிச்சா? எலி கடிச்சிட்சின்னு இல்ல உங்க வூட்டுக்காரரு சொன்னாரு?"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எலி இல்ல பாய். அவருதான்."

பாய் உள்ளே பார்த்து, "ரெண்டு டீ அனுப்பு" என்று சத்தம் போட்டார். அவ்வளவுதான் விசாரணை.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அன்னப்படகில் ஏறினாள். சீட்டில்லாத படகு வெறும் கூடாகச் செங்கல் மேல் இருந்தது. செய்தித்தாளைத் தண்ணீரில் லேசாக நனைத்து, சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் பரப்பி, மூலை முடுக்கெல்லாம் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். காய்ந்ததும் அந்த மடிப்பின் வழியே வெட்டினாள். படகின் உருவம் அப்படியே காகிதத்தில் வந்துவிட்டது. அடுத்த படகு, அதற்கடுத்த படகு. கொட்டகைத் தச்சர் அந்தக் காகிதத்தை வைத்தே பலகை அறுத்தார். முதலிலேயே அவளை இங்கே வரவிட்டிருந்தால், எங்கள் கூடத்தில் அந்த நாற்றமும் இல்லை, பரணில் மூட்டையும் இல்லை. இது அப்பாவுக்குக் கடைசிவரை தோன்றவேயில்லை.

தைப்பதற்கு மறுபடி மயிலாப்பூருக்குச் சுமந்துபோக நேரமில்லை. "இங்கயே தச்சிடு தங்கச்சி" என்று பாய் அந்தப் பெரிய மிஷினைக் காட்டினார். அம்மா முதலில் ஒரு துண்டு ரெக்சினை இரண்டாக மடித்துக் கொடுத்தாள். கடகடவென்று ஓடியது. நான்காக மடித்துக் கொடுத்தாள். அப்போதும் ஓடியது. அம்மா சிரித்தாள். அவளுக்கு ஒரு பக்கப் பல் கொஞ்சம் தூக்கல் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்து வந்த நாட்களில் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. காவலுக்குப் போய்விட்டேனே. பாய் வீட்டம்மா மத்தியானம் சோறு அனுப்புவார்கள். அம்மா அதை ஆறுவதற்குள் சாப்பிட்டாள். வீட்டில் அவள் சாப்பிடும்போது சோறு எப்போதும் ஆறித்தான் இருக்கும், நடுவில் யாராவது எழுப்புவார்கள். இங்கே யாரும் எழுப்பவில்லை. ஒருநாள் சாப்பிட்ட பிறகு, புதிதாக முடித்த அன்னப்படகு சீட்டில் காலை நீட்டி, தைத்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சாய்ந்தாள். அப்படியே தூங்கிவிட்டாள். செங்கல்லின் மேல் நிற்கும் படகில், அன்னத்தின் கழுத்து நிழலில், வாய் லேசாகத் திறந்திருக்க. நான் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பகலில் அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஷூட்டிங் நடந்தது. பாட்டு முடியும்வரை சீட்டில் ஒரு தையல் விடவில்லை என்று பாய் சொல்லி அனுப்பினார். மிஷினை எடுத்துப்போக வரச் சொன்னார்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? போர்டு எழுதிவிட்டார். தியேட்டரில் பேனர் எழுதுகிறவரைப் பிடித்து, தன் பெயரைப் போட்டு 'குஷன் ஒர்க்ஸ்' என்று பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அத்தை, அரிசிப் பானையைத் தள்ளி வைத்து மிஷினுக்கு இடம் ஒழித்தாள். "வெள்ளிக்கெழம ராகு காலத்துல தொடக் கூடாது. சாயந்தரம் வெளக்கு வெச்சப்பறம் சத்தம் போடக் கூடாது" என்று சட்டங்களும் தயார். அப்பா மாட்டுவண்டி பேசி, கயிறும் சாக்கும் ஏற்றிக்கொண்டு கே.கே. நகருக்கு வந்தார். அம்மாவும் நானும் முன்னாலேயே போயிருந்தோம். பூப்படகுக்குத் திரைச்சீலை தைக்க வேண்டுமென்று பாய் கேட்டிருந்தார், அம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்துரு எழுந்துரு, கட்டணும்" என்றார் அப்பா கயிற்றை உதறிக்கொண்டு.

அம்மா எழுந்திருக்கவில்லை. பாயைப் பார்த்து, "பாய், மிஷின் எனக்குன்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

"ஒனக்குத்தான் தங்கச்சி. அதுல இன்னா சந்தேகம்?"

"அப்ப இங்கயே இருக்கட்டும். நா வந்து தக்கிறேன்."

அப்பா சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. "இங்கயா? நம்ம மிஷின எதுக்கு இங்க வுட்டு வெக்கணும்? வூட்ல எடம் பண்ணியாச்சி. போர்டு கூட எழுதிட்டேன்."

"போர்ட வூட்ல மாட்டிக்கோங்க" என்றாள் அம்மா.

"வூட்ல வெச்சா இன்னா கெட்டுப் போச்சி? இது இரும்பு, எரியாதுடி."

"தெரியும்."

"அப்ப சோறு தண்ணி?"

"காலைல ஆக்கி வெச்சிட்டுத்தான் வருவேன். சாயந்தரம் வந்து ஆக்குவேன். நடுவுல மட்டும் இங்க இருப்பேன்."

சொல்லிவிட்டு மிதியை அழுத்தினாள். அந்த மிஷின் சத்தத்தில் அப்பா மேற்கொண்டு சொன்னது எதுவும் கேட்கவில்லை. வாய் அசைந்ததைப் பார்த்தேன். கை, கயிற்றைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தது. பாய் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்து, காலிச் சாக்குகளோடு திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அம்மா போய் வந்தாள். விடியுமுன் எழுந்து சமைப்பாள், தண்ணீர் பிடிப்பாள், அத்தைக்குக் கஷாயம் வைப்பாள், அப்பாவின் சாப்பாட்டுக் கூடையைக் கட்டுவாள். பிறகு பஸ் ஏறுவாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து, புடவைகூட மாற்றாமல் அரிசி களைவாள். எங்கள் தெருவில் எல்லாரும் இதைத் தினமும் கண்ணால் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே, என் காதுபட, 'பாவம் அந்த மனுஷன், பொண்டாட்டி வீட்டை விட்டுப் போயிட்டா' என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.